செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டில் நமது அகதிகள் உதவிக் குழுவின் பணி முழுவதையும் திசைமாற்றியது, 2023 நவம்பர் 8 அன்று அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாகும். மியன்மாரில் பிறந்த நாடற்ற ரொஹிங்கியர் ஒருவர், சிறைத்தண்டனையை அனுபவித்த பின்னரும் ஏற்க எந்த நாடும் முன்வராததால் குடிவரவுத் தடுப்புக்காவலிலேயே வைக்கப்பட்டிருந்தார். நியாயமாக எதிர்பார்க்கத்தக்க எதிர்காலத்தில் நாடுகடத்துவதற்கான உண்மையான வாய்ப்பு இல்லாதபோது ஒருவரை அடைத்து வைப்பது தண்டனையே என்றும், தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்றும் நீதிபதிகள் எழுவரும் முடிவு செய்தனர். 2004இல் ஒரேயொரு நீதிபதியின் வித்தியாசத்தில் அமைந்து, பத்தொன்பது ஆண்டுகள் நிலைத்த, இத்தகையோரைக் காலவரையின்றித் தடுத்து வைக்கலாம் என்ற அல்-கதேப் தீர்ப்பு இதனால் விலக்கப்பட்டது. குடியுரிமை இல்லாதவரின் உடற்சுதந்திரத்தையும் அரசியலமைப்பு காக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை என்பது என் துணிபு.

எமது தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். அவசரத்தில் நாம் வெளியிட்ட முதல் துண்டுப்பிரசுரம் 'இனி எல்லோரும் விடுதலை' என்ற பொருள்படும்படி அமைந்துவிட்டது. அதை நம்பிய தாயொருவர் மகனின் அறையைக் கூட்டிக் கழுவி, புதுப் போர்வை விரித்து, வாரக்கணக்கில் காத்திருந்தார். மகனின் வழக்கோ இத்தீர்ப்புக்குள் அடங்காதது. அவரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். அதன்பின் சட்டத்தரணி பார்வையிடாத எதையும் அச்சிடவில்லை. 2024 மே 10 அன்று, தம்மை நாடுகடத்துவதற்கு ஒத்துழைக்க மறுப்பவரைத் தொடர்ந்து தடுத்து வைக்கலாம் என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த எச்சரிக்கை பெரிதும் பயன்பட்டது.

2023 நவம்பர் தீர்ப்பால் விடுவிக்கப்பட்டோர் பலருக்குக் கணுக்காலில் கண்காணிப்புப் பட்டியும் இரவு நேர ஊரடங்கும் விதிக்கப்பட்டன. நமது அலுவலகத்துக்கு வந்த ஒருவர், பட்டிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காகச் சுவரோரம் கால் நீட்டி அமர்ந்தபடியே தமது வீசா நிபந்தனைகளை வாசித்துக் காட்டச் சொன்னார். அறிக்கைக் காலத்துக்குப் பிற்பட்டதாயினும், 2024 நவம்பர் 6 அன்று அவ்விரு நிபந்தனைகளையும் விதித்த விதியை உயர் நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் செல்லாதெனத் தீர்த்ததை இங்கு குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. ஆயினும் அரசு உடனடியாகப் புதிய விதிகளைக் கொண்டுவந்துள்ளதால், பட்டி அகற்றப்பட்டவர்களும் தமக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் உடனே குழுவிடம் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்புக்கு மேலும் இருவர் தேவைப்படுகின்றனர். முன்வருவோர் இக்கூட்டத்திலேயே பெயர் தரலாம்.

செயலாளர்