ப்ளூஸும் ரயிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசை குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, அப்பாடல்களில் வரும் ரயிலைப் பிரிவுத் துயரின் குறியீடாக மட்டுமே காட்டியிருந்தது. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1937-இல் பதிவுசெய்த ‘லவ் இன் வெய்ன்’ பாடலுக்கு அது பொருந்தும். ஆனால், அமெரிக்கத் தென்மாநிலமான மிசிசிப்பியின் பருத்தி வயல்களில் குத்தகைக் கடனில் சிக்கியிருந்த கறுப்பின மக்களுக்கு, இல்லினாய் சென்ட்ரல் நிறுவனத்தின் ரயில்கள் சிகாகோவுக்குத் தப்பிச்செல்லும் வழியாகவும் இருந்தன. அந்தப் பயணத்தைக்கூட அவர்கள் நிறப்பாகுபாட்டின்படி தமக்கென ஒதுக்கப்பட்ட தனிப்பெட்டியில்தான் தொடங்க வேண்டியிருந்தது.

கிதார் வாசிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததே பெரிய குறை. ப்ளூஸ் கலைஞர் புக்கா ஒயிட் 1930-இல் மெம்ஃபிஸில் பதிவுசெய்த, ஒரு ரயிலின் பெயரைக் கொண்ட ‘தி பனாமா லிமிடெட்’ பாடலில், ரயில் என்பது சொல்லில் மட்டும் வருவதில்லை: தாழ்ந்த கம்பிகளில் கட்டைவிரல் விடாமல் எழுப்பும் தாளம் சக்கரங்களின் ஓட்டமாகவும், மேல் கம்பிகளின்மீது வழுக்கிச் செல்லும் ஸ்லைடின் (கம்பியை அழுத்தி நகர்த்தும் குழாய் போன்ற கருவி) இழுவை ரயிலின் ஊதலாகவும் கேட்கிறது.

இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி தம் தன்வரலாற்றில் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. 1903 வாக்கில், மிசிசிப்பியின் டட்வைலர் நிலையத்தில் தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்தபோதுதான் (தாமதத்தால் விளைந்த அரிய நன்மை!), கம்பிகளின்மீது கத்தியை அழுத்தி ஒருவர் கிதார் வாசிப்பதை அவர் கேட்டார். அம்மனிதர் பாடியதும் இரு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஊருக்குப் போவதைப் பற்றித்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை.