அம்மா வீட்டு ட்ரிப் சுவிட்ச்

கோண்டாவில்
புதன்கிழமை இரவு

அன்பின் குகன்,

நீ கேட்டபடி ஞாயிறு காலையே உங்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அம்மா சுகமாக இருக்கிறார், கூழ் காய்ச்சித் தந்துவிட்டுத்தான் என்னைப் போக விட்டார். கார்த்திகை மழை விடாமல் பெய்கிறது, பின்வளவு முழுக்க வெள்ளம்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, இரண்டு நாள் வெயில் எறித்தால் பேசாமல் நிற்கிறது என்று அம்மா உனக்குச் சொன்னது சரிதான். விழுவது சின்ன பிரேக்கர் இல்லை, டெஸ்ட் பொத்தான் உள்ள பெரியது. சின்னது விழுந்தால் லோட் கூடிவிட்டது, அல்லது இரண்டு வயர் முட்டிவிட்டது. பெரியது விழுந்தால் கரண்ட் எங்கேயோ நிலத்துக்குக் கசிகிறது. லைவ் வயரில் போன கரண்ட் முழுக்க நியூட்ரல் வயரால் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி அம்பியர் குறைந்தால் வெட்டிவிடும். டொரன்டோவில் உன் குளியலறைப் பிளக்கில் இருப்பது 5 மில்லி அம்பியர் அளவிலேயே வெட்டும், வேலை ஒன்றுதான்.

வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றினேன். சுவிட்சை நிற்பாட்டினால் போதாது, அது லைவை மட்டும்தான் வெட்டும், பிளக்கையே இழுத்தெடுக்க வேண்டும். பிறகு ட்ரிப் சுவிட்சைத் தூக்கினேன், நின்றது. பிறிட்ஜ், ரைஸ் குக்கர், டிவி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் நின்றது. கிணற்று மோட்டரைப் போட்டதும் டக்கென்று விழுந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு மோட்டரில் வயர் பூட்டுகிற பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர். மேலே இருக்கும் தகரம் ஓட்டை, மழை நேரே அதற்குள்தான் இறங்குகிறது.

இதைவிட என்னைப் பதறவைத்தது வேறொன்று. குசினிக்குப் பின்னால், கசிகிற கரண்டை இறக்க நிலத்தில் அடித்த ஏர்த் கம்பியில் பூட்டியிருந்த வயர் களிம்பு பிடித்து அறுந்து கிடக்கிறது. அம்மா அந்த மோட்டரை ஈரக்கையோடு, வெறுங்காலோடு, நனைந்த கிணற்றுக்கட்டில் நின்றுதான் போடுகிறார். இத்தனை நாள் அவருக்கும் அந்த 230 வோல்ட்டுக்கும் நடுவில் நின்றது இந்த ஒரு சுவிட்ச்தான் மச்சான். ஏர்த் நன்றாக இருந்தாலும் சின்ன பிரேக்கரை நம்ப முடியாது. ஏர்த்தின் தடை 20 ஓம் என்று வை, ஓடப்போவது பதினொன்றரை அம்பியர், 16 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையவே அசையாது. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலம் கோடையில் காய்ந்தால் தடை இன்னும் ஏறும்.

போன மாரியில் எங்கள் வீட்டிலும் இதே பாடுதான். துணி மினுக்குகிற அயன் போட்டால் விழும், அயன்தான் பழுது என்று புதிது வாங்கினோம், அதற்கும் விழுந்தது. சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டாலும் பின்னேரத்தில் பெரியது நிற்காது. முதலில் பார்க்க வந்தவர் ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு வயரை நேரே கொடுக்கிறேன், கரைச்சல் முடிந்துவிடும் என்றார். நான் விடவில்லை. இரண்டாவதாக வந்தவர் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரின் உறை கசிகிறதா என்று அளக்கிற 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்தார். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், கிணற்றடி லைட்டுக்குப் போகும் லைனில் ஊசி பூச்சியத்தில் கிடந்தது. ஜொயின்ட் பெட்டிக்குள் தண்ணீர், எறும்புப் புற்று, டேப் உக்கி நியூட்ரல் ஏர்த்தில் முட்டிக்கொண்டிருந்தது. சின்ன பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரல் தொடுத்தபடியே இருக்கும், அதனால்தான் எதை இறக்கினாலும் பிடிபடவில்லை. அயனுக்குப் போன கரண்ட் திரும்பும்போது ஒரு பங்கு அந்த ஏர்த் வழியே போய்விட்டது, பழி அயனுக்கு.

உங்கள் வீட்டில் அப்படிச் சிக்கல் இல்லை, மோட்டர்தான். பிளக்கைக் கழற்றி எடுத்துவைத்துவிட்டேன், இப்போதைக்கு பக்கத்து வீட்டுப் பொடியன் வாளியால் அள்ளி அம்மாவுக்குத் தொட்டி நிரப்பித் தருகிறான். டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், உடனே விழுந்தது, சுவிட்ச் நல்லது, மாற்றத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டைத் திருத்தியவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மோட்டரைக் கழற்றிக் காயவைத்து மெகர் பார்க்க வேண்டும், புது ஏர்த் கம்பி அடிக்க வேண்டும், தகரமும் மாற்ற வேண்டும். காசைப் பிறகு பார்ப்போம்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. விழுந்த சுவிட்சை அம்மா நாலைந்து தரம் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார், அது நிற்காவிட்டால் தும்புக்கட்டையால் முட்டுக்கொடுக்கப் பார்த்ததாகவும் சொன்னார். நான் சொன்னால் சிரிக்கிறார். இன்றைக்கே போன் எடுத்து அப்படிச் செய்ய வேண்டாம் என்று நீ சொல்லு, உன் சொல்லைத்தான் கேட்பார்.

அன்புடன்,
ரவி