யேகோவாயீரே ஸ்டோர்ஸ் திறக்கப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

கடைக்குப் பெயர் வைத்தாயிற்று, போர்டும் எழுதக் கொடுத்தாயிற்று என்று அக்கா போனில் சொன்னாள். யேகோவாயீரே ஸ்டோர்ஸ். பாளையங்கோட்டையில் நாலு தெரு நடந்தால் எபிநேசர், பெத்தேல், ஓசன்னா என்று வேதாகமத்தில் பாதியைக் கடை போர்டுகளிலேயே வாசித்துவிடலாம். அதில் இன்னொன்று கூடுவதில் எனக்கு வருத்தமில்லை. பெயருக்கு என்னடா அர்த்தம் என்று கேட்டதற்கு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார் மாமா" என்றாய். சரிதான். பலியிடக் கொண்டுபோன மகன் ஈசாக்குக்குப் பதிலாக ஆட்டுக்கடா கிடைத்த இடத்துக்கு ஆபிரகாம் வைத்த பெயர் அது. ஆனால் எபிரெயுவில் அந்தச் சொல்லுக்கு 'பார்ப்பார்' என்றும் அர்த்தம் உண்டு. கல்லாவில் உட்காருகிறவனுக்கு அந்த இரண்டாவது அர்த்தம் லேசில் ஞாபகம் வராது. எனக்கும் வரவில்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். உன்னைப் போலவே கடை போடுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். எனக்கு இதில் கொஞ்சம் வெட்கம் உண்டு. பரவாயில்லை.

1986-ல் நான் பலசரக்குக் கடை வைத்திருந்தது உனக்குத் தெரியும். நீ பிறக்கவில்லை. எலக்ட்ரானிக் தராசெல்லாம் கிடையாது, தட்டுத் தராசுதான். ஒரு தட்டில் கல், ஒரு தட்டில் சரக்கு. சரக்குத் தட்டின் அடியில் நெல்லிக்காய் அளவுக்குப் புளி ஒட்டியிருந்ததை ஒரு நாள் துடைக்கும்போது பார்த்தேன். எடுபிடிப் பையன் ஒட்டினானா, சும்மா சரக்கிலிருந்து ஒட்டிக்கொண்டதா, இன்றுவரை தெரியாது. பிறகு எடுக்கலாம் என்று விட்டேன். ஒரு கிலோவுக்கு இருபது, முப்பது கிராம் போகும். யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத விஷயம் மாதிரியே நானும் இருந்துகொண்டேன்.

பிறகு எங்கள் சபையின் கோயில்பிள்ளை, அதாவது கோயில் வேலைகளைப் பார்க்கிறவர், பிடியரிசி கொண்டு வந்தார். உன் வீட்டில் இப்போது அந்தப் பழக்கம் இல்லை என்பதால் சொல்கிறேன்: ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து, கோயிலுக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். கஞ்சிக்கே இழுபறியாக இருக்கிற வீட்டிலும் அந்தப் பானை இருக்கும். எல்லா வீட்டு அரிசியும் சேரும்போது புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்து கிடக்கும். அதை விற்றுச் சபைக் கணக்கில் வரவு வைப்பார்கள். அந்த மாதம் என் கடையில் விற்கக் கொண்டு வந்தார்.

இப்போது நான் வாங்குகிறவன். புளி ஒட்டிய தட்டில் அரிசியைக் கொட்டினால் நஷ்டம் எனக்கு. கோயில்பிள்ளை சாக்கின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என் கை தானாகத் தட்டின் அடியில் போய்ப் புளியைப் பிய்த்து எடுத்தது.

கையில் அந்தப் பிசுக்கோடு நின்றேன், மருமகனே. தெரியாது தெரியாது என்று எனக்கு நானே சொல்லிவந்த பொய் அந்த ஒரு விநாடியில் அவிழ்ந்துவிட்டது. "உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்" என்று உபாகமம் 25-ல் இருக்கிறது. வாங்க ஒரு கல், விற்க ஒரு கல். ஞாயிறு பள்ளியில் படித்தபோது, இந்தக் காலத்தில் யார் இரண்டு கல் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். ஒரே கல்லை வைத்துக்கொண்டே அதைச் செய்துவிட்டேன்.

யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று எப்படிக் கணக்குப் போடுவது? வேதாகமத்தில் வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றானே, அவனிடம் நோட்டுப் புத்தகம் இருந்திருக்கும். என்னிடம் இல்லை. அதனால் கடையை மூடும்வரை எதை நிறுத்தாலும் முள் நேரே நின்ற பிறகு ஒரு கை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு ஊரில் தாராளம் என்று பெயர் வந்தது. மாமா மாதிரி தாராளமாக வியாபாரம் செய்யணும் என்று நீயும் போன கிறிஸ்துமஸுக்குச் சொன்னாய். அது தாராளம் இல்லையடா, கடன்.

உன் கடைக்கு எலக்ட்ரானிக் தராசு வாங்கியிருப்பாய். வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் பரிசோதித்து அரசாங்க முத்திரை வாங்க வேண்டும். அலைச்சல் என்று தள்ளிப் போடாதே. "சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகளை மொழிபெயர்த்தவர் அந்தக் காலத்திலேயே முத்திரையைச் சேர்த்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! பருப்பை டப்பாவோடு நிறுத்தால் டப்பாவின் எடையைக் கழித்துவிடு. எண் தெரிகிற பக்கம் வாங்குகிறவர்களைப் பார்த்து இருக்கட்டும். தேதி முடிந்த பாக்கெட்டை 'ஆஃபர்' என்று தள்ளாதே. இதெல்லாம் உனக்கே தெரியும்.

வேலைக்கு வரும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. அதற்கு முன்னால் உட்கார விட்டிருக்கிறோமா? நான் விட்டதில்லை. வாடிக்கையாளர் வரும்போது எழுந்து நிற்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். ஆள் வராத மத்தியானத்திலும் அந்தப் பையனை நிற்க வைத்தது எந்த மரியாதையில் சேர்த்தி என்று இப்போது யோசிக்கிறேன். சம்பளத்தையும் சொன்ன தேதியில் கொடு. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமத்தில் இருக்கிறது. நாமோ பத்தாம் தேதி ஆகட்டும் என்கிறோம்.

ஞாயிறு விடுமுறை என்று போர்டில் போடச் சொல்லியிருக்கிறாயாம். சந்தோஷம். ஆராதனை முடிந்த கையோடு ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ஆளைக் குனிந்து வரச்சொல்லும் கடைகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார். அந்த வியாபாரிகள் ஓய்வுநாளில் கடை திறந்ததாகத் தீர்க்கதரிசி சொல்லவில்லை. ஒழுங்காக அடைத்துவிட்டு, இது எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து எப்போது விற்கலாம் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். பிரசங்க நேரத்தில் திங்கட்கிழமைச் சரக்கு லிஸ்டை மனதுக்குள் போட்ட அனுபவம் எனக்கு நிறைய. ஓய்வுநாள் கட்டளையில் 'உன் வேலைக்காரி' என்ற சொல்லும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஞாயிறு சம்பளத்தைப் பிடித்துவிட்டு நீ கோயிலுக்குப் போனால், அன்றைக்குக் காணிக்கைப் பையில் விழுந்தது அவள் காசு.

கடன் நோட்டு பற்றி அக்காவிடம் கேள். உன் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தபோது அவள்தான் எழுதினாள். யாருடைய பக்கத்தை எப்போது கிழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

திறப்பு ஜெபத்துக்கு நம் சபைப் போதகர் ஐயர் ஏழு மணிக்கு வருகிறார் என்று அக்கா சொன்னாள். நான் ஆறரைக்கே வந்துவிடுகிறேன். வசனம் போட்ட சுவர்க் கடிகாரம் உனக்கு எப்படியும் நாலு வரும், அதனால் நான் இரண்டு ஸ்டூல் வாங்கி வைத்திருக்கிறேன், உனக்கு ஒன்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்று. கூடவே என் பழைய ஒரு கிலோ இரும்புக் கல்லும் இருக்கிறது. துரு தேய்த்து, போன வாரம்தான் புது முத்திரை வாங்கினேன். சந்தேகப்படுகிற கிழவி யாராவது வந்தால் அவளே எடுத்து உன் தராசில் வைத்துப் பார்க்கட்டும். கல்லா மேசைக்கு வெளிப்பக்கம், அவளுக்குக் கை எட்டுகிற இடமாக ஒன்று ஒழித்து வை.

அன்புடன்,
மாமா