ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

தேவகோட்டைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

அந்த ராத்திரி நடந்தது உங்களுக்கே தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. பழைய புகைப்படங்கள் இருந்த தாத்தாவின் தகரப்பெட்டி தண்ணீரில் நனைந்தும் பிழைத்துக்கொண்டது. ஒன்பது படங்கள்தான் போயின.

பெட்டியைத் திறந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. அங்கி போட்ட தாடிச் சாமியார்கள், கன்னியர் மடத்துத் தாழ்வாரத்தில் வரிசையாக நிற்கும் மதர்மார், ஓரியூர்த் திருவிழா எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. பழைய படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின்; நனைந்தால் பசைதான். ஒரு மூலையைப் பிடித்து உரிக்கப் போனேன். எதிர்வீட்டு ஆச்சி என் கையைத் தட்டிவிட்டார்.

“இழுக்காதே தம்பி! துணியில ஒட்டுன வத்தலை இழுத்தா எடுப்போம்? தண்ணி தெளிச்சுல்ல எடுப்போம்!”

அவர் வீட்டுப் பட்டாசாலைக் கூடத்திலேயே தாம்பாளங்களில் நல்ல தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தாமே விலகின. காயவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். காயப்போட நான் புது வேட்டி வாங்க ஓடினேன். அதற்கும் தடை. “புதுசுல கஞ்சி இருக்கும், படத்துல அப்பிக்கும்” என்று, அவர் வீட்டு அய்யா உடுத்தி நைந்த வேட்டிகளைத் தம் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தார். முகம் மேலே பார்க்க, வெயில் படாமல், விடிய விடிய. அவர் கும்பிடும் சாமி வேறு. ஆனாலும் மதர்மார் படத்தைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும்தான் தூக்கினார்.

1894-இல் பெர்டினாண்ட் செல் சாமி, பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டிய இடைக்காட்டூர் திருஇருதய ஆலயத்தின் படம் மட்டும் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. அதைத் தொடவில்லை, கண்ணாடியோடே ஸ்கேன் எடுத்தாயிற்று.

பங்குச் சாமி, மடத்து சிஸ்டர்கள், ஸ்டூடியோ அண்ணன், பெட்டி தூக்கிய இளைஞர்கள், நள்ளிரவில் டீ கொண்டுவந்தவர்: எல்லோருக்கும் நன்றி.

மதர்மார் படத்தில் பதினோரு பேர். ஒருவர் பெயரும் எழுதப்படவில்லை. இனி விட மாட்டேன். கேட்டுக் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதப் போகிறேன். பால்பாயின்ட் பேனாவோடு யாரும் கிட்டே வராதீர்கள்.

அப்புறம், வேட்டிகளில் பழுப்புக் கறை. வெள்ளாவி வைத்தும் போகவில்லை. புதுசு வாங்கித் தருகிறேன் ஆச்சி என்றேன்.

“அதுல கஞ்சி இருக்கும்” என்றார்.