கத்திக்குப் பக்கத்தில் நிற்கிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அதனால் கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உங்கம்மா பிடுங்கி, "சாப்டியா, குளிருக்குப் போத்திக்கிறியா" என்று ஆரம்பித்துவிடுகிறாள். தொழில் விஷயம் பேச இடமே கிடைப்பதில்லை.

நீ வேலை செய்கிற ராக் குழுவின் இந்த டூரில், தலையை வெட்டுவது போலக் காட்டுகிற கில்லட்டின் பொறியின் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றாய். அதன் பக்கத்தில் நீ நிற்கிற போட்டோவை உங்கத்தை ஏகாம்பரகுப்பம் முழுக்கக் காட்டிவிட்டாள். அப்புறம் நேரே நம் வீட்டுக்கு வந்து, "பொம்பளப் பிள்ளைக்கு இதுவா வேலை? மண்டை ஓடும் ரத்தமும்! இதுக்கா இன்ஜினியரிங் படிக்க வெச்சே?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் கூத்துல பீமன் துச்சாதனன் வயித்தைக் கிழிச்சப்போ முன்வரிசையில பாய் போட்டு உக்காந்து பாத்தது யாரு?" என்று கேட்டேன். "அது சாமி காரியம்" என்றாள். சாமி காரியம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்த ராத்திரி குடல் என்று காட்டிய சிவப்புத் துணியை நனைத்து முறுக்கி வயிற்றுக்குள் வைத்துக் கட்டினது சாமி இல்லை. நான்தான்.

ஆகவே ரத்தத்தைப் பற்றி நான் உன்னிடம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பாரதக் கூத்தின் முடிவில், படுகளத்தில் துரியோதனன் மண் உருவமாக மல்லாந்து கிடப்பான், இருபது ஆள் நீளம். பீமன் கதையால் தொடையில் அடிக்கும்போது சிவப்பு பீறிட வேண்டும். அதற்காகத் தொடைக்குள் ஒரு சட்டி புதைப்போம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்திச் சிவப்பு வரும் இல்லையா, அதைத்தான் ஊற்றுவோம். பாஞ்சாலி வேஷக்காரர் அதைத் தொட்டுத்தான் கூந்தலை முடிப்பார். அந்த நேரத்தில் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அருள் வரும் என்று உனக்கே தெரியும். சட்டியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் நடுங்குகிறார்கள்.

உங்கள் ஊரில் சோளப்பாகில் கலர் கலந்து செய்கிறார்கள் என்றாய். பாகு ரத்தம் பார்க்க நன்றாக இருக்கும், பிசுபிசுவென்று மெதுவாக வழியும். ஆனால் பலகை மேல் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும். பாடுகிறவர் அடுத்த பாட்டுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று பார்த்து, அந்தத் தடத்தை மட்டுமாவது துடைக்க ஒரு ஆளை நிறுத்து.

நீ இந்த வேலைக்குப் போனதிலிருந்து ராத்திரியில் உட்கார்ந்து மேடையில் பயங்கரம் காட்டிப் பாடுகிற இந்த ஷாக் ராக் காரர்களைப் பற்றிப் பார்க்கிறேன், படிக்கிறேன். ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ் என்று ஒருவர். 1950-களில் மேடைக்குச் சவப்பெட்டியைத் தூக்கிவரச் செய்து அதற்குள்ளிருந்து எழுந்து பாடியிருக்கிறார். முதலில் மாட்டேன் என்றவரை, ஆலன் ஃப்ரீட் என்ற வானொலிக்காரர் 300 டாலர் கொடுத்துப் பெட்டிக்குள் படுக்க வைத்தாராம். கூலி பேசிப் படுத்த பிணம்! நம் கூத்துக் கோமாளி கட்டியக்காரன் கேட்டால் ஒரு ராத்திரி முழுக்க இதை வைத்தே ஓட்டிவிடுவான்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது ஆலிஸ் கூப்பர் என்ற அமெரிக்கப் பாடகர்தான். சர்ச்சில் பிரசங்கம் செய்கிறவர் வீட்டுப் பிள்ளை. கழுத்தில் மலைப்பாம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. 1970-களின் தொடக்கத்திலேயே மேடையில் மின்சார நாற்காலி, தூக்குமேடை எல்லாம் வைத்துவிட்டார். 1973 டூரில் கில்லட்டின். அதைச் செய்து கொடுத்தவர் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர். மந்திரம், அற்புதம் என்று ஊரை ஏமாற்றுகிறவர்களின் குட்டையெல்லாம் உடைத்தாரே, அவரேதான். அந்த டூரில் தலையை வெட்டும் வேஷமும் அவருக்குத்தான். இது எனக்குச் சரியென்று பட்டது. பொறியைச் செய்தவனே அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். வேறு ஒருவன் கையில் விசையைக் கொடுத்துவிட்டு ஓட்டலில் போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாது.

கூப்பர் நிகழ்ச்சியில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, கவனித்தாயா? கெட்டவன் எல்லா அக்கிரமமும் செய்கிறான், கடைசியில் அவனுக்குத் தண்டனை. கத்தி விழுகிறது, அவர் முகத்தை அச்செடுத்துச் செய்த தலையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அப்புறம் வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியுமாகத் திரும்பி வந்து பாடுகிறார். உங்கத்தைக்கு இதைச் சொன்னேன். "அப்போ நியாயம் இருக்குன்னு சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள். ஆனாலும் அந்தக் கொம்பு வைத்த தொப்பியோடு நீ நிற்கிற படத்தை மட்டும் மாப்பிள்ளை வீட்டார் யாருக்கும் காட்டவேண்டாமாம்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். 1988-ல் இங்கிலாந்தில் ஒரு ஒத்திகை. கூப்பரைத் தூக்கில் போடும் காட்சி. கழுத்தில் இருக்கிற சுருக்கு வெறும் பார்வைக்கு. உடம்பின் பாரத்தைத் தாங்குவது முதுகுப்பக்கம் மாட்டிய மெல்லிய பியானோ ஒயர். கூட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒயர் அறுந்துவிட்டது. சட்டென்று தலையைப் பின்னால் சாய்த்ததால் சுருக்கு முகவாயைத் தாண்டி நழுவி, கழுத்தில் கயிறு உராய்ந்த காயத்தோடு கீழே விழுந்து பிழைத்தார். எத்தனையோ ராத்திரி தாங்கிய ஒயர். இவ்வளவு நாள் தாங்கியது, இன்றைக்கும் தாங்கும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். தாங்கிய ஒவ்வொரு ராத்திரியும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

உன் கில்லட்டினிலும் இதே கதைதான். கூப்பருடைய கத்தி ஏறக்குறைய 18 கிலோ, கழுத்தை அரை அடி தள்ளிப் போகும் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உன்னுடையது எத்தனை கிலோ என்று நீ சொல்லவில்லை. எடை எவ்வளவாக இருந்தாலும் அதை நிறுத்துவது ஒரு பூட்டும் ஒரு பின்னும் ஒரு ஒயரும்தான். கூட்டம் பார்ப்பது கத்தியை. நீ பார்க்க வேண்டியது அந்த மூன்றை.

ஒயர் ரோப்பைக் கண்ணால் மட்டும் பார்த்தால் எல்லாம் தெரியாது. தறியில் கழிக்கிற வேஸ்ட் நூல் ஒரு கைப்பிடி எடுத்து, அதால் ரோப்பைச் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக இழுத்துக்கொண்டே போ. ஒரு இழை அறுந்து முள்ளாக நின்றாலும் பஞ்சு சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடு. வெறும் கையால் செய்யாதே, உள்ளங்கையைக் கிழித்துவிடும். கப்பியைச் சுற்றி வளைகிற இடத்தையும் கிளாம்ப் போட்ட இடத்தையும் இரண்டு தடவை பார். தேய்மானம் அங்கேதான் ஆரம்பிக்கும். உங்கள் ஊரில் வேஸ்ட் நூல் கிடைக்காவிட்டால் பழைய பனியன் துணி போதும். இதைச் சொல்லிக் கொடுத்தால் உன் கூட வேலை செய்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

தபசு மரம் ஞாபகம் இருக்கிறதா? சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டித் தவம் செய்யப் போகிற அர்ஜுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியில் இருக்கிற சின்னப் பலகையில் நின்று விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு ஈரப்புடவையோடு பெண்கள். மேலே காற்று அடித்தால் மரம் ஆடும். இடுப்பில் ஒரு கயிறு கட்டச் சொன்னேன். கூத்து வாத்தியாருக்கு வந்ததே கோபம்! "பாசுபதம் வாங்கப் போறவனுக்குக் கயிறா? சனம் சிரிக்காதா?" என்றார். விரதம் இருந்து ஏறுகிறவர், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார்கள் கமிட்டியில். அம்மன் பார்த்துக்கொள்ளட்டும், கயிறும் இருக்கட்டும் என்றேன். கடைசியில் வேட்டிக்கு உள்ளே கட்டி, பின்கொசுவம் வழியாக வெளியே எடுத்து, மரத்தின் மறுபக்கம் போட்டோம். கீழே நின்ற யாருக்கும் தெரியவில்லை. மேலே போனவர் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு பாட்டு அதிகமாகப் பாடினார்.

நெருப்பு விஷயம் உன் பொறுப்பு இல்லை என்றாய். இருந்தாலும் அது எரியும் மேடையில்தானே நீயும் நிற்கிறாய். ஆர்தர் பிரவுன் என்ற இங்கிலாந்துப் பாடகர் தலையில் எரிகிற தொப்பியோடு பாடுவார். ஒருமுறை எரிபொருள் தலையில் வழிந்து தீப்பிடித்ததில், பக்கத்தில் நின்றவர்கள் பீரை ஊற்றி அணைத்தார்களாம். கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸ் வாயால் தீ ஊதும்போது 1973 டிசம்பர் 31 அன்று முடியே பற்றிக்கொண்டது. ராம்ஸ்டைன் குழு உங்கள் பெர்லினிலேயே 1996-ல் எரிகிற அலங்காரம் மேடையில் விழுந்து மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வாணக்காரர்களை முறையாக வைத்துக்கொண்டார்கள், பாடகரும் படித்து லைசென்ஸ் எடுத்தார்.

இதெல்லாம் பாடுகிறவர் தலையோடு போனது. கூட்டத்தின் தலையில் விழுந்தது 2003 பிப்ரவரி 20-ல். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற ஒரு கிளப். பாட்டு ஆரம்பித்ததும் மேடைக்குப் பின்னால் பூவாணம் விட்டார்கள். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பான்ஜ் பற்றிக்கொண்டது. முதலில் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் நின்று பார்த்திருக்கிறார்கள். அப்புறம் எல்லோரும் வந்த வாசலுக்கே ஓடி நெரிந்து, மொத்தம் 100 பேர் போய்விட்டார்கள். அடுத்த வருஷமே ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து மாப்பிள்ளையும் சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அன்றிலிருந்து நான் கீற்றுக்குக் கீழே ஹாலஜன் விளக்கு கட்டுவதில்லை. எந்த ஊர் அரங்கத்துக்குப் போனாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு சுற்று நடந்துவிடு. வாசல் எத்தனை, எது பூட்டியிருக்கிறது, எதை உங்கள் ஆட்களே டிரங்குப் பெட்டியை அடுக்கி அடைத்துவிட்டார்கள் என்று பார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பூட்டு சரியில்லை என்று உனக்குப் பட்டால், "இன்றைக்குக் கத்தி இல்லை" என்று சொல்கிற அதிகாரம் உன்னிடம் இருக்கிறதா? வாயால் சொல்லிவிட்டார்களா, எழுதிக் கொடுத்தார்களா? எழுதி வாங்கு. ஒரு ஊர்த் திருவிழாவில் மழை பெய்துகொண்டிருக்கும்போது சீரியல் பல்பு செட்டைத் தூக்கிக் கட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். கூட்டம் கூடிவிட்டது, நாட்டாமைக்காரர் காத்திருக்கிறார் என்று கத்தினார்கள். அந்த வருஷம் வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், அடுத்த வருஷம் கூப்பிடவே இல்லை. பணம் போனது போனதுதான், வரவில்லை. டிக்கெட் வாங்கின ஆயிரக்கணக்கான பேர் கத்தும்போது 'இல்லை' என்று சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருக்கும். கையில் ஒரு தாள் இருந்தால் கொஞ்சம் சுலபம்.

ஆபத்து அதிகம் ஷோ நடக்கும்போது இல்லை, பிரிக்கும்போதுதான். ராத்திரி ஒரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், லாரி நிற்கிறது சீக்கிரம் என்று அவசரப்படுத்தும்போது பின் ஒன்று வேறு பெட்டிக்குள் போய்விடும். அடுத்த ஊரில் தேடுவீர்கள். கிடைக்காவிட்டால் யாராவது ஒரு போல்ட்டைச் செருகி "இது போதும்" என்பான். அந்தப் பின்னுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஒரு சங்கிலியில் கோத்து, உன் பையிலேயே வைத்துக்கொள். பஸ்ஸில் தூங்கும்போதும் உன்னிடமே இருக்கட்டும்.

வீட்டு விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. நகரியில் மாங்காய் வரத்து ஆரம்பித்துவிட்டது, உங்கம்மா ஊறுகாய் போட்டிருக்கிறாள், அனுப்ப ஆள் பார்க்கிறோம். உங்கத்தை மகன் தறியை விட்டுவிட்டுத் திருத்தணியில் ஏதோ கடையில் சேர்ந்திருக்கிறான்.

எனக்கு நீ ஒரு உதவி செய்ய வேண்டும். உயரத்தில் ஏறிக் கட்டுகிற உங்கள் ரிக்கர்கள் மாட்டிக்கொள்கிறார்களே, இடுப்புக்கும் தொடைக்கும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட், அது என்ன விலை என்று விசாரி. பழையது வேண்டாம், புதிதாகவே வாங்கு, பணத்தை நான் போட்டுவிடுகிறேன். இந்த வருஷம் தபசு ஏறப் போகிறவருக்கு இடுப்பு 38. வேட்டிக்குள் மறைய வேண்டும், அதனால் கறுப்பு எடுக்காதே. வெள்ளை இல்லாவிட்டால் மஞ்சள். கொடியேற்றத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தால் ஒரு தடவை மாட்டி ஏறிப் பார்க்கச் சொல்லலாம். வாத்தியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா