லெக்சரர்மாருக்கு: எங்களை லைப்ரரிக்குள்ள அனுப்பிவிடுங்கோ

சேர்மார், மிஸ்மாருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில உயர்கல்வி படிக்கிற பிள்ளை ஒண்டு எழுதுறன். எந்த இடம், எந்தத் துறை எண்டெல்லாம் சொல்லமாட்டன், நாளைக்கு வைவாவில (வாய்மொழிச் சோதினையில) உங்களுக்கு முன்னால தானே வந்து இருக்கவேணும்.

போன செமஸ்டர் முதல் லெக்சர், கடைசி ஸ்லைட்ல ஏழு புத்தகத்தின்ர பேர் வந்துது, ஃபோனை எடுக்கிறதுக்குள்ள ப்ரொஜெக்டர் ஓஃப். எண்டாலும் ஒரு ஆர்வத்தில பேரைக் கேட்டுக்கீட்டு எழுதிக்கொண்டு லைப்ரரிக்குப் போய்த் தேடினா ஏழில மூண்டு தான் இருக்கு, அதில ரெண்டு ஷெட்யூல் ரெஃபரன்ஸ், பின்னேரம் எடுத்தா விடியக் குடுக்கவேணும், பட்சில நாங்கள் 120 பேர். மூண்டாவதை இறாக்கையில காணேல்ல. பிறகு பாத்தா ஆரோ வேற பாடத்துப் புத்தகங்களுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கினம் (அது எங்கட பெடியளின்ர வேலை, உங்களைக் குறை சொல்லேலாது).

கடைசியில சோதினை வந்துது. ஸ்லைட்டும் பாஸ்ட் பேப்பரும் முதல் நாள் ராத்திரிக் கூட்டாளிமார் சொல்லித்தாற குப்பியும் போதுமா இருந்துது. ஒரு புத்தகமும் திறக்காமல் நல்ல ரிசல்ட்! சந்தோசப்படுறதா கோவப்படுறதா எண்டு எனக்கு இப்பவும் தெரியேல்ல.

சோதினைக் காலத்தில லைப்ரரியில இருக்க இடமில்லை தான், ஆனா எல்லாற்ற மேசையிலயும் டியூட் கொப்பி தான், புத்தகமில்லை, நாங்கள் போறது ஃபானுக்கும் ஃபோன் சார்ஜ் போடவும்.

ரெஃபர் பண்ணுங்கோ, ரெஃபர் பண்ணுங்கோ எண்டு சொல்லுறியள். ஏ.எல் வரைக்கும் தமிழில படிச்சிட்டு வந்தவனிட்ட 800 பக்க இங்கிலிஷ் புத்தகத்தைக் காட்டினா அவன் எங்க தொடங்குறது? ஒரு அதிகாரம் சொல்லுங்கோ, இருபது பக்கம், அடுத்த கிழமை வகுப்பில அதில ரெண்டு கேள்வி கேளுங்கோ, சத்தியமா வாசிச்சுக்கொண்டு வருவம், வெக்கத்துக்காகவாவது.

அசைன்மென்டும் அப்பிடித்தான். எங்கட ஊர்ப் பழைய சஞ்சிகை, பத்திரிகையளை 'நூலகம்' எண்ட இணையத்தளத்தில 2005 இல இருந்து ஸ்கான் பண்ணிப் போட்டுக்கொண்டு வருகினம், காசில்லாமல் வாசிக்கலாம். அதுக்குள்ள இருந்து ஒரு தலைப்புத் தந்தா இன்டர்நெட்டில கொப்பியடிக்க லேசில ஏலாது, சாட்ஜிபிடியிட்ட கேட்டா அது புளுகும், நீங்களும் கையோட பிடிச்சிடுவியள்.

1981 இல யாழ்ப்பாணப் பொது நூலகத்தில எரிஞ்ச 97,000 புத்தகத்தைப் பற்றி வருசா வருசம் கதைக்கிறம், மேடையில நீங்களும் இருக்கிறியள். அந்த நூலகம் கட்டேக்க ஆலோசனை சொன்ன இந்திய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931 இலயே எழுதின முதல் விதி, புத்தகம் பாவிக்கிறதுக்கு எண்டது.

வாற செமஸ்டர் கோர்ஸ் அவுட்லைன் அடிக்கேக்க ஏழை மூண்டாக் குறைச்சுப் பக்க எண்ணும் போட்டு, லைப்ரரியனுக்கு ஒரு கொப்பி முன்கூட்டியே குடுத்துவிடுங்கோ, ஓர்டர் பண்ணி வந்துசேர மாசக்கணக்கில இழுக்கும். மற்றது அந்தக் கடைசி ஸ்லைட்டை ஒரு நிமிசம் கூட விட்டு வையுங்கோ.

இப்படிக்கு,
பின் வாங்கில இருக்கிற ஒராள்