உங்கள் மாணவர் மேடை ஏறும்போது நீங்கள் எழுந்து வெளியே போங்கள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மாணவர் பியானோ போட்டிகளை நடத்துபவர்களுக்கும், நடுவர் மேசையில் என்னோடு உட்காரும் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் 27 வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கூப்பிட்டால் நடுவராகவும் போவேன். நடுவர்கள் தங்கள் சொந்த மாணவர்களுக்கே புள்ளி போடுவதைப் பற்றிய இந்த மடலில் சில புகார்கள் இருக்கின்றன. முதல் புகார் என் மேல்தான், அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

போன மாதம் செந்தூலிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி, எட்டு வயது, ஒரு போட்டியில் வாசித்தாள். நுழைவுக் கட்டணம் 180 வெள்ளி (ரிங்கிட்). அதற்காக அவள் அப்பா இரண்டு ராத்திரி கூடுதலாக கிராப் டாக்சி ஓட்டினார். பிள்ளை மூன்றரை நிமிடம் வாசித்தாள், வெண்கலம் கிடைத்தது. கருத்துத் தாளில் ஒரு நடுவர், "நல்ல முயற்சி. பெடலில் கவனம் தேவை" என்று எழுதியிருந்தார். அவள் வாசித்தது கிளெமென்டி என்ற இசையமைப்பாளரின் சொனாட்டினா, ஒரு சின்ன பியானோ துண்டு. அதில் அவள் பெடலைத் தொடவே இல்லை. அவள் கால் இன்னும் பெடலுக்கு எட்டாது.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே அவள் அப்பா கேட்டார்: "டீச்சர், முதல் பரிசு வாங்குன பிள்ளை அந்த ஜட்ஜ்கிட்டதான் படிக்குதாமே, உண்மையா?"

உண்மைதான் என்றேன்.

"அப்புறம் எப்படி டீச்சர்?"

கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. காரணம், ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் அதையே செய்திருக்கிறேன்.

அன்று மூன்று நடுவர்கள். 12 வயதுக்குக் கீழான பிரிவில் என் மாணவன் ஒருவன் இருந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவனுக்கு நான் 92 புள்ளி போட்டேன். மற்ற இருவர் 84, 85. மொத்தம் 261. அவனுக்கு அடுத்து வந்த ஒரு பெண் பிள்ளைக்கு நான் போட்டது 85, மற்றவர்கள் 87, 88. மொத்தம் 260. ஒரே ஒரு புள்ளியில் என் மாணவனுக்கு முதல் பரிசு. என் கணக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்: அவனுக்கு 169, அவளுக்கு 175. பரிசளிப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை இரண்டாம் பரிசுக் கிண்ணத்தோடு என்னிடம் வந்து, "தேங்க்யூ டீச்சர்" என்று தலை குனிந்து சொல்லிவிட்டுப் போனாள். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். பெயர் மறந்துவிட்டது, கவுன் மறக்கவில்லை.

நான் ஏமாற்ற நினைக்கவில்லை. இதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, அந்த 92 எனக்கு அன்று நியாயமாகவே பட்டது. ஏன் என்று பிற்பாடுதான் புரிந்தது. அவன் வாசித்த இசைத் துண்டை அவனோடு ஆறு மாதம் கேட்டவள் நான். இரண்டாம் பக்கத்தில் இடது கை தாளத்தை மீறி முன்னால் ஓடிவிடும், அதை நிறுத்தவே ஒரு மாதம் ஆனது. மேடையில் இடது கை கொஞ்சம் ஓடியது; ஆனால் என் காதில் விழுந்தது, முன்பு ஓடியதைவிடக் குறைவாக ஓடியது என்பதுதான். மற்ற இருவர் அவன் வாசித்ததற்குப் புள்ளி போட்டார்கள். நான் அவன் எங்கிருந்து வந்தான் என்பதற்கும் சேர்த்துப் போட்டேன். சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தக் காதைக் கழற்றி வைக்கத் தெரியாது. அதனால் "நான் நேர்மையானவன், என் மாணவனையும் ஒரே மாதிரிதான் பார்ப்பேன்" என்று யாராவது சொன்னால், அவர் நேர்மையை நான் சந்தேகிக்க மாட்டேன். அவர் காதைத்தான் சந்தேகிப்பேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு வருவோம். குரு பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்கிறார், பிள்ளை ஆடி முடித்ததும் கண் கலங்குகிறார். யாரும் அதைப் பாரபட்சம் என்று சொல்ல மாட்டார்கள். குருவின் பெருமைக்கு அங்கே ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறோம். போட்டி மேடையில் அப்படி ஓர் இடம் இல்லை. 180 வெள்ளி கட்டிய இன்னொரு வீட்டுப் பிள்ளை அடுத்த எண்ணாக ஓரத்தில் காத்துக்கொண்டிருக்கிறது.

இது எப்படி இவ்வளவு சகஜமானது என்பதையும் பேச வேண்டும், ஏனென்றால் கெட்ட மனிதர்களால் வந்தது இல்லை இது. எங்கள் பிழைப்பிலிருந்து வந்தது. நான் படிப்பை முடித்து ஊர் திரும்பிய 1998-இல்தான் இரட்டைக் கோபுரத்தின் அடியில் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் இசை அரங்கத்தைத் திறந்தார்கள். அங்கே வாசிப்பேன் என்று கனவு கண்டேன். பலமுறை போயிருக்கிறேன், டிக்கெட் எடுத்து. வயலின் படித்தவர்களுக்கு ஒரு முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் முப்பது நாற்காலியாவது இருக்கும். பியானோ படித்தவருக்கு மாதச் சம்பளத்துக்கு ஒரு நாற்காலி கிடைப்பதே அபூர்வம். ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து கன்செர்ட்டோ வாசிக்க வருபவர் விருந்தாளி. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவார், வாசிப்பார், போய்விடுவார். ஆக, நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து ராத்திரி ஏழு வரை அரை மணிக்கு ஒரு பிள்ளை. அதே சொனாட்டினாவை ஒரே நாளில் ஏழு முறை கேட்ட நாள் உண்டு. நடுவில் ஒரு நாசி லெமாக் பொட்டலம். இசை மையத்தில் சொல்லிக்கொடுத்தால் கட்டணத்தில் மையத்துக்குப் பங்கு போகும். ஹரிராயா, சீனப் பெருநாள், தீபாவளி என்று வகுப்பு விட்டால் அந்த வாரம் வருமானம் இல்லை. இபிஎஃப் யாரும் போட மாட்டார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது என் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேருக்குக் கைபேசித் திரையில் விரல் வளைவைத் திருத்திக்கொண்டிருந்தேன். ரொம்பக் கஷ்டம்.

இந்த நிலையில் "நடுவர்" என்ற ஒரு சொல் எங்களுக்குப் பெரிய சொத்து. நடுவர் மேசையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் கிடைக்கும் பணம் ஒரு சனிக்கிழமை வகுப்புக்குக்கூட ஈடாகாது. ஆனால் வாசல் பலகையில் அந்தச் சொல் ஏறினால் பெற்றோர் படியேறி வருகிறார்கள். மாணவன் கிண்ணம் வாங்கினால் இன்னும் வருகிறார்கள். அந்த 261 புள்ளிக்குப் பிறகு இரண்டே வாரத்தில் எனக்கு நான்கு புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். நான் போட்ட புள்ளி எனக்கே சம்பளமாகத் திரும்பி வந்தது. வேறு எந்தத் தொழிலிலாவது இதைச் சாதாரணம் என்று விட்டுவிடுவோமா?

ஏற்பாட்டாளர்களே, உங்கள் பங்கும் இருக்கிறது. போட்டியை நடத்துபவர் பல நேரம் பியானோ விற்பவர், மையமும் வைத்திருப்பவர். என்னை ஒருமுறை நடுவராக அழைத்தவர் தேதி சொன்ன கையோடு, "உங்க பக்கத்திலிருந்து எத்தனை பேரை அனுப்புவீங்க?" என்று கேட்டார். அதிகம் மாணவர்களைப் பதிந்த ஆசிரியருக்குச் சிறந்த ஆசிரியர் விருது என்று மேடையில் ஒரு கோப்பை வேறு. எத்தனை தலை என்று எண்ணிக் கொடுப்பதற்குப் பெயர் ஆசிரியர் விருதா? தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் நடுவரிடமே "ஒரே ஒரு வகுப்பு" எடுக்க அலைகிற பெற்றோர், எடுக்கிற நடுவர். அந்த ஒரு மணி நேரத்துக்கு வாங்கும் கட்டணத்தை எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

நம் பெற்றோருக்கு நியாயமான மதிப்பீடு எப்படி இருக்கும் என்று தெரியாமல் இல்லை. 1889-இல் லண்டனில் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் என்ற அமைப்பின் இசைத் தேர்வு இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குக்கூட "கிரேட் 5 தியரி முடிச்சாதான் கிரேட் 6" என்று மனப்பாடம். மொத்தம் 150, தேற 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. தேர்வாளர் பிள்ளையை முன்பின் பார்த்ததில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் புள்ளியும் காரணமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தத் தாளில் எழுதியிருப்பது பிடிக்காமல் போகலாம், ஆனால் யாரும் "அவர் யாருக்கு வேண்டியவர்" என்று கேட்பதில்லை.

பெரிய போட்டிகளும் எல்லாம் சுத்தமாகத் தொடங்கவில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் பியானோ போட்டி முதன்முதலில் 1963-இல் நடந்தபோது வென்றவர் மைக்கேல் ரோல். அவர், போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபானி வாட்டர்மனின் மாணவர். ரோல் அருமையான பியானிஸ்ட், பரிசுக்குத் தகுதியில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் பாருங்கள், அறுபது வருடம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டீச்சர் அவரைப் பற்றி எழுதும்போது வாசிப்பைப் பற்றி எழுதாமல் இதைத்தான் எழுதுகிறாள். வென்ற பிள்ளைக்கும் இது செய்யும் அநியாயம் அதுதான்.

வார்சாவில் 1927-இலிருந்து நடக்கும் ஷோபேன் பியானோ போட்டி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 1980-இல் அங்கே முதல் பரிசு வாங்கிய வியட்நாமியர் டாங் தாய் சோன், 2021-இல் அதே போட்டிக்கு நடுவர். அந்த வருடம் வென்ற புரூஸ் லியூ அவருடைய மாணவர். தன் மாணவர்களுக்கு டாங் தாய் சோன் புள்ளி போடவில்லை, மற்ற நடுவர்கள் போட்டதை வைத்தே கணக்குப் போட்டார்கள். முடிந்ததும் எந்த நடுவர் யாருக்கு எத்தனை போட்டார் என்ற பட்டியலையும் ஊருக்கே காட்டினார்கள். 2015-இல் அப்படிப் பட்டியல் வந்தபோதுதான், முதல் பரிசு வாங்கிய சோங்ஜின் சோவுக்கு இறுதிச் சுற்றில் பிலிப் ஆன்ட்ரெமோன் என்ற நடுவர் பத்துக்கு ஒன்று போட்டிருந்தது தெரிந்தது. உலகமே பேசியது. பேசட்டுமே. ஒளித்து வைத்திருந்தால் அது வதந்தியாகத்தான் உலவியிருக்கும்.

நான் கேட்பது இதைவிடச் சின்னது. உங்கள் பதிவுப் படிவத்தில் ஆசிரியர் பெயருக்கு ஏற்கனவே ஒரு கட்டம் இருக்கிறது, அந்த விருதுக்காக. அதே கட்டத்தை நடுவர் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் அந்த நடுவர் அந்தப் பிள்ளைக்கு மட்டும் எழுந்து வெளியே போகட்டும், மற்றவர்களின் சராசரி போதும். கடந்த இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தாலும், அந்த "ஒரே ஒரு வகுப்பு" எடுத்திருந்தாலும் இதே விதி. நடுவர் வாரியாகப் புள்ளிகளை மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். கருத்துத் தாளுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறகு இரண்டு நிமிடம் கொடுங்கள். மணியை அடித்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நாங்கள் எழுதுவது கால் எட்டாத பிள்ளைக்குப் பெடல் அறிவுரையாகத்தான் இருக்கும்.

"ஊர் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் வேண்டியவர்கள், நடுவருக்கு எங்கே போவது?" என்பீர்கள். பினாங்குக்குப் போங்கள். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த், இறங்கினால் ஃபெர்ரி. அங்கிருக்கும் ஆசிரியர்கள் இங்கே வரட்டும், நாங்கள் அங்கே போகிறோம். ரயில் காசு கொஞ்சம் கூடும், நுழைவுக் கட்டணத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மூவரில் ஒருவர் பியானோக்காரராக இல்லாமலும் இருக்கலாம். ஒரு மிருதங்க வித்துவானை உட்கார வைத்துப் பாருங்கள், இடது கை ஓடுவதை எங்களுக்கு முன்னால் அவர் பிடிப்பார். பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருக்கிறார்கள். என் பிள்ளைகள் மூன்று பேர் பதிந்திருக்கிறார்கள். அவர்களுடைய எண்களை எழுதி, இவர்களுக்கு நான் புள்ளி போட மாட்டேன் என்று ஏற்பாட்டாளருக்கு அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. பெற்றோரிடமும் சொன்னேன். ஓர் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "நீங்க உள்ள இருந்தா பிள்ளைக்குத் தைரியமா இருக்குமே டீச்சர்" என்றார். செந்தூல் பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பதில் வந்தாலும் வராவிட்டாலும், அந்த மூன்று எண்களைக் கூப்பிடும்போது நான் கீழே மாமாக் டீக்கடையில் நிற்பேன். ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு நிமிடம்தான், அதற்குள் ஒரு தே தாரிக் ஆறக்கூட ஆறாது. முடிந்ததும் யாராவது வந்து சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பிரிக்ஃபீல்ட்ஸ் பியானோ ஆசிரியை ஒருத்தி